அரசுப் பல்கலைக்கழகங்களின் தொழில்நுட்பக் கொள்முதலும் தமிழாய்வுத் தரவுப் பகிர்வும்: ஒருங்கிணைப்பின் தேவை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மின்வருடிகள், நூலக மென்பொருள்கள், சேமிப்பகங்கள் முதலியவற்றைத் தனித்தனியே வாங்கிவருகின்றன. இம்முறையால் ஏற்படும் பணச்செலவினும் பெரிய இழப்பு, உருவாகும் தமிழ்த் தரவுகள் ஒன்றோடொன்று இணையாது நிற்பதே ஆகும். கொள்முதலுக்கான விவரக்குறிப்பைப் பொதுவாக வகுப்பதே இணைப்பின் முதற்படி என்றும், அப்பணியில் தமிழ்த்துறைகள் முன்நிற்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுக் கொள்முதல், விவரக்குறிப்பு, மீத்தரவு, ஒருங்குறி, ஆய்வேட்டுக் களஞ்சியம், கூட்டு நூற்பட்டியல்

முன்னுரை

சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த தமிழ் நூல்களின் வரலாறு பகிர்வின் வரலாறுமாகும். 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளாக வெளிவந்தன. அவற்றின் பின்னே மடங்களும் தனியார் இல்லங்களும் அளித்த சுவடிகள் பல இருந்தன. ஓர் ஏட்டில் சிதைந்திருந்த பகுதியை மற்றோர் ஏடு நிரப்பியது. பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கும் பதிப்புமுறை, பல இடங்களில் கிடந்த ஏடுகள் ஓரிடத்தில் கூடியதனாலேயே இயன்றது.

இன்று அவ்வேடுகளும் அச்சு நூல்களும் ஆய்வேடுகளும் மின்வடிவம் பெற்றுவருகின்றன. மின்வடிவம் பெற்ற ஏடு, ஓலையாக இருந்ததைவிட எளிதாகப் பிற ஆய்வாளரைச் சென்றடைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையிலோ ஒரு துறையின் வன்தட்டில் உள்ள படிமங்கள் அடுத்த பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருக்குத் தெரியாமலே போகும் நிலை பரவலாக உள்ளது. இதற்குத் தனிமனிதரின் மனநிலையைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆயினும், கருவிகளும் மென்பொருள்களும் வாங்கப்படும் முறையிலேயே அதன் வேர் உள்ளது என்பது ஈண்டு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

தனித்தனிக் கொள்முதலின் விளைவுகள்

1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் முதல், 1966இல் மதுரையிலும், 1981இல் தஞ்சாவூரில் தமிழுக்கெனவும், 1982இல் திருச்சிராப்பள்ளியிலும் கோயம்புத்தூரிலும், 1990இல் திருநெல்வேலியிலும் எழுந்த பல்கலைக்கழகங்கள் வரை, ஒவ்வொன்றும் தனக்கெனச் சட்டமும் ஆட்சிக்குழுவும் நிதிக்குழுவும் உடையது. கல்வித்துறையில் அத்தன்னாட்சி மதிக்கத்தக்கது. ஆனால் கொள்முதலிலும் அது அவ்வாறே தொடர்வதால், ஒரே வகைக் கருவிக்குப் பல நிறுவனங்கள் தனித்தனியே ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. நல்கையின் காலம் முடிவதற்குள் தொகையைச் செலவிட வேண்டிய நெருக்கடியில், விற்பனையாளர் தரும் விளக்கக் குறிப்பே விவரக்குறிப்பாக மாறிவிடும் இடர் உண்டு.

இவ்வாறு வாங்குவதால் மூவகை இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, விலை பேசும் வலிமை குறைகிறது. ஒரு கருவியை வாங்குபவரிடம் விற்பவர் காட்டும் நெகிழ்வும் இருபது கருவிகளை வாங்குபவரிடம் காட்டும் நெகிழ்வும் ஒன்றல்ல. இரண்டாவது, பராமரிப்பு தடைபடுகிறது. நல்கை முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திற்குப் பணமின்றி, பழுதான வருடி உறையிட்டு மூடிவைக்கப்படுகிறது. மூன்றாவதாகிய இழப்பே ஆய்வுலகிற்குப் பெரிது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய வடிவில் தரவைச் சேமிப்பதால், ஒப்பந்தம் முடியும்போது அத்தரவை வெளியே எடுக்கவே தனிக்கட்டணம் செலுத்த வேண்டிய நிலை எழலாம்.

சேமிப்பகச் செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அடர்த்தியில் வண்ணப் படிமமாகச் சுருக்காமல் சேமித்தால், அது ஏறத்தாழ 26 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். 300 பக்க ஆய்வேடு ஒன்றுக்கு ஏறத்தாழ 7.8 கிகாபைட்டும், அத்தகைய ஆயிரம் ஆய்வேடுகளுக்கு 7.8 டெராபைட்டும் தேவை. ஒரே படி போதாது. வேறோர் ஊரில் இரண்டாம் படியும் இருத்தல் வேண்டும். ஓர் அரசு கலைக் கல்லூரியின் தமிழ்த்துறை தனித்து நின்று இதனை ஆண்டுதோறும் பேணுதல் அரிது. பத்து நிறுவனங்கள் கூடினால் இது இயல்பான செலவாகும்.

எழுத்துருக் குழப்பம் தந்த பாடம்

ஒருங்கிணைப்பின்மை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தமிழுலகம் வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. கணினியில் தமிழ் பரவிய தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியேற்றத்தை அமைத்துக்கொண்டது. ஒருவர் தட்டச்சு செய்த கோப்பு, அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்களும் தரமாக அறிவிக்கப்பெற்றன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், 'டேஸ் 16' என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் அளித்திருந்தது. உலகத் தரம் தோன்றியதற்கும் அரசின் ஏற்புக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன.

அவ்விருபது ஆண்டுகளின் விலையை இன்றைய ஆய்வாளர் செலுத்திவருகிறார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அவற்றைத் தாங்கும் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தைக் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்திவருகிறது. ஆய்வேடுகளைத் திறந்த வாசிப்புக்குக் கொணர்ந்த இம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடோ, வெறும் படிமமாக வருடப்பெற்ற ஆய்வேடோ அங்கு இருப்பினும், அதனுள் ஒரு சொல்லைத் தேடிக் கண்டறிய இயலாது. 'உள்ளுறை' என்று தேடுபவர்க்கு உள்ளுறை பற்றிய அவ்வாய்வேட்டின் உட்பகுதி கிட்டுவதில்லை.

இதன் விளைவு தேடலின் தடையோடு நிற்பதன்று. 2019 முதல் இன்ஃப்ளிப்நெட் மையம் ஒப்புமை காணும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு மைய அளவில் வழங்கிவருகிறது. அத்தகைய மென்பொருள் எழுத்துகளின் குறியெண்களையே ஒப்பிடுகிறது. பழைய எழுத்துருவில் உள்ள ஒரு பத்தியும், அதே பத்தியை ஒருங்குறியில் தட்டச்சு செய்த வடிவமும் அதற்கு வேறுவேறு உரைகளாகவே தோன்றும். எனவே தமிழாய்வேடு ஒன்று பெறும் குறைந்த ஒப்புமை விழுக்காடு, அதன் தனித்தன்மைக்கு எப்போதும் சான்றாவதில்லை. தன் ஆய்வைத் தானே செய்து முடித்த மாணவர்க்கும், பிறர் ஆய்வைப் பெயர்த்து எழுதியவர்க்கும் ஒரே சான்றிதழ் கிடைப்பின், அது தமிழாய்வின் மதிப்பையே தாக்குவதாகும்.

கூட்டு முயற்சியின் முன்மாதிரிகள்

உயர்கல்வி நிறுவனங்கள் கூடி வாங்குதல் புதிய கருத்தன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 54 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இணைந்து 1967இல் ஒரு நூலகக் கூட்டமைப்பை நிறுவின. 1971 ஆகஸ்டில் அதன் இணையவழிக் கூட்டு நூற்பட்டியல் செயற்பாட்டுக்கு வந்தது. ஒரு நூலகம் ஒரு நூலைப் பட்டியலிட்டால், பிற நூலகங்கள் அப்பதிவையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. ஓ.சி.எல்.சி. என இன்று உலகெங்கும் அறியப்படும் நிறுவனம் அவ்வாறு தோன்றியதே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் வளாகங்கள் அனைத்துக்குமாக எல்சேவியர் நிறுவனத்துடன் பேச்சு நடத்தியது. உடன்பாடு எட்டாத நிலையில் 2019இல் சந்தாவை நிறுத்தி, 2021இல் திறந்த அணுக்கத்திற்கு இடமளிக்கும் புதிய உடன்பாட்டைப் பெற்றது. தனி வளாகம் ஒன்று அவ்வுறுதியோடு நின்றிருத்தல் கடினம்.

இந்தியாவிலும் இவ்வழி நெடுங்காலமாக உள்ளது. 1991இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், 1996இல் தன்னாட்சி உடைய பல்கலைக்கழக இடைமையமாயிற்று. தனித்தனியே இயங்கிய ஆய்விதழ்க் கூட்டமைப்புகள் 2015இல் 'இ-ஷோத்சிந்து' என ஒன்றிணைந்தன. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயை ஒதுக்கியது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள் அதன்வழிப் பெறலாம்.

இத்திட்டத்தின் பயனை மறுத்தல் இயலாது. ஆனால் தமிழாய்வாளர்க்கு வேண்டிய மூலங்களுள் மிகப்பல, பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களில் இல்லை. அவை பல்கலைக்கழகப் பதிப்புத்துறைகளின் நூல்களிலும், நின்றுபோன சிற்றிதழ்களிலும், துறைசார் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளிலும், சுவடி நூலகங்களிலும் உள்ளன. இவற்றை எந்த விற்பனையாளரும் சந்தாவாக விற்க முன்வரார். உடைமையாளர்களாகிய பல்கலைக்கழகங்களே அவற்றை ஒருவருக்கொருவர் வழங்கியாக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் துணைத்தொகுதியாகவும் வெளிவந்த அவ்வகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள் உள்ளன. அதனை இணையத்தில் தேடத்தக்க தரவாக ஆய்வாளரிடம் கொண்டு சேர்த்ததில் செருமனியின் கொலோன் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகமும் பெரும்பங்கு ஆற்றின. அவற்றின் தொண்டுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் தொகுக்கப்பெற்ற ஒரு பெருநூலின் மின்தரவுக்கு அயல்நாட்டு வழங்கிகளை நாடும் நிலை ஏன் அமைந்தது என்னும் வினாவும் உடன் எழுகிறது. 2001இல் தொடங்கப்பெற்று, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம் 2017இல் தமிழ் மின்னூலகத்தை அமைத்தது இத்திசையில் ஒரு நற்செயல். பல்கலைக்கழகங்கள் தம் தரவுகளை அதனோடு இணையும் வடிவில் உருவாக்குதல் அடுத்த படியாகும்.

விவரக்குறிப்பே முதற்படி

தமிழ்நாடு அரசின் பொதுக் கொள்முதலை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. விவரக்குறிப்பை நிறைவு செய்வோருள் குறைந்த விலை கூறியவரை ஏற்பதே இத்தகைய முறையின் இயல்பு. இதன் பொருள் தெளிவானது: விவரக்குறிப்பில் எழுதப்படாத எத்தன்மையும் வாங்கப்படுவதில்லை. 'நூலக மேலாண்மை மென்பொருள் ஒன்று' என்று மட்டும் கேட்டால், தமிழ் அகரவரிசை அறியாத மென்பொருளும் அத்தகுதியைப் பெற்றுவிடும்.

அகரவரிசைச் சிக்கல் சிறியதாகத் தோன்றலாம். ஒருங்குறி அட்டவணையில் தமிழ் மெய்கள் ய, ர, ற, ல, ள, ழ, வ என்னும் வரிசையில் நிற்கின்றன. னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. தமிழ் மரபின் வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதாகும். குறியெண் வரிசையை மட்டும் பின்பற்றும் மென்பொருளில் சொல்லடைவோ நூற்பட்டியலோ உருவாக்கினால், அது எந்தத் தமிழ் அகராதியோடும் ஒத்துவராது. உரிய வரிசைமுறையைப் பயன்படுத்தும் வசதி தொழில்நுட்பத்தில் உண்டு. அது வேண்டும் என்று கேட்பவர் வேண்டும். அவ்வாறு கேட்க அறிந்தவர் தமிழ்த்துறையினரே.

நூற்பட்டியல் பதிவுகளும் அத்தகையனவே. மறைமலையடிகள், சுவாமி வேதாசலம் என்னும் இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன; பரிதிமாற்கலைஞரும் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் ஒருவரே. இவ்வுறவைப் பதிந்துவைக்காத பட்டியலில் ஓர் ஆசிரியரின் நூல்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பழைய பதிப்புகளின் முகப்பில் அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப்பெயர் மட்டும் இருக்கும்போது, அதனைக் கிறித்துவ ஆண்டாக உறுதிசெய்ய நூலின் பிற சான்றுகளும் ஆராயப்பட வேண்டும். இவ்வுழைப்பு ஒருமுறை நிகழ்ந்து அனைவர்க்கும் பயன்படலாம். அன்றி, ஒவ்வொரு நூலகத்திலும் தனித்தனியே, வெவ்வேறு முடிவுகளோடு நிகழலாம்.

ஆகவே பொது விவரக்குறிப்பில் குறைந்த அளவு பின்வருவன இடம்பெறுதல் வேண்டும். உரைகள் யாவும் ஒருங்குறியில் அமைதல். தமிழ் அகரவரிசை முறை இருத்தல். நூற்பட்டியல் பதிவுகள் 'மார்க் 21' வடிவிலும், களஞ்சியப் பதிவுகள் 'டப்ளின் கோர்' வடிவிலும் வெளியேறத்தக்கனவாய் இருத்தல். பிற களஞ்சியங்கள் மீத்தரவைத் தாமே திரட்டிக்கொள்ளத்தக்க நெறிமுறையை மென்பொருள் ஏற்றல். படிமங்களின் மூலப்படி திறந்த வடிவில் பேணப்படுதல். ஒப்பந்தம் முடியும்போது தரவு முழுவதும் கட்டணமின்றித் திரும்ப அளிக்கப்படுதல். பணியாளர்க்குத் தமிழில் பயிற்சி வழங்குதல் ஆகியன அவை.

இவற்றை நிறைவு செய்வதற்கு விலையுயர்ந்த வணிக மென்பொருளே வேண்டும் என்பதில்லை. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் சிறு நூலகம் ஒன்றில் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா'வும், 2002இல் வெளிவந்த 'டிஸ்பேஸ்' களஞ்சிய மென்பொருளும் கட்டற்ற மென்பொருள்கள். ஷோத்கங்கா இயங்குவதும் டிஸ்பேஸ் கொண்டே. உரிமக்கட்டணம் இல்லை என்பதனால் செலவே இல்லை என்று கொள்ளலாகாது. நிறுவிப் பேணுவதற்குரிய வல்லுநரின் ஊதியமே அங்குச் செலவாகும். அவ்வல்லுநரை ஐந்து கல்லூரிகள் கூடி அமர்த்திக்கொள்ளலாம். கூட்டுக் கொள்முதல் என்பது கருவிகளை வாங்குவதோடு, திறனையும் கூடிப் பெறுவதாக அமைதல் வேண்டும்.

தரவுப் பகிர்வின் எல்லைகள்

பகிர்வு என்றதும் அனைத்தையும் அனைவர்க்கும் திறந்துவிடுதல் என்று பொருள்கொள்ளுதல் தவறு. பல்கலைக்கழகத் தரவுகளை மூவகையாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதல் வகை, நூற்பட்டியல், சுவடிப் பட்டியல், ஆய்வேட்டுத் தலைப்புகள் போன்ற விவரத் தரவுகள். இவற்றை உடனே பொதுவில் வைப்பதற்குத் தடை ஏதும் காணப்படவில்லை. இரண்டாம் வகை, நூல்களும் படிமங்களும் ஒலிப்பதிவுகளும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளோடு அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. சுவடிகளை அளித்த குடும்பங்களோடும் மடங்களோடும் எழுத்து வடிவில் உடன்பாடு வேண்டும். நாட்டார் வழக்காற்றுக் களப்பணிப் பதிவுகளில் பாடியவர், கதை கூறியவர் ஆகியோரின் ஒப்புதல் எந்த அளவுக்குரியது என்பதும் கருதத்தக்கது. ஒப்பாரி பாடிய பெண் ஓர் ஆய்வாளரிடம் பாடினார். உலகத்தின்முன் பாட இசைந்தார் என்று அதற்குப் பொருளாகாது.

மூன்றாம் வகை, மாணவர், பணியாளர் ஆகியோரின் தனிப்பட்ட தரவுகள். 2023ஆம் ஆண்டின் எண்மியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் கையாள்வதற்கு வரையறை வகுத்துள்ளது. மதிப்பெண், சாதி, வருமானம், உதவித்தொகை பற்றிய பதிவுகளை ஆய்வுக் களஞ்சியத்தோடு ஒருபோதும் கலத்தலாகாது. கூட்டுக் கொள்முதலில் ஒரே நிறுவனம் இவ்விருவகைப் பணிகளையும் பெறுமாயின், அவற்றுக்குரிய ஒப்பந்தங்களும் சேமிப்பகங்களும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

தன்னாட்சி குறையும் என்பது முதல் மறுப்பு. எதனைக் கற்பிப்பது, யாரை அமர்த்துவது, எதனை ஆராய்வது என்பவற்றில் பல்கலைக்கழகத்தின் உரிமைக்குப் பொது விவரக்குறிப்பால் குறைவு நேர்வதில்லை. கூட்டமைப்பிலிருந்து தன் தரவோடு விலகும் உரிமை ஒவ்வொரு நிறுவனத்திற்கும் எழுத்தில் உறுதி செய்யப்படின், இவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

இரண்டாம் மறுப்பு வலுவானது. அனைவரும் ஒரே பொருளை வாங்கினால், அதன் குறை அனைவரின் குறையாகும். விற்பவர் ஒருவரே ஆகிவிட்டால், அவர் வைத்ததே விலையாகும். இவ்விடரைத் தவிர்ப்பதற்காகவே, ஒருமையைப் பொருளில் நாடாமல் தரத்தில் நாட வேண்டியுள்ளது. தரத்தை நிறைவு செய்யும் இரண்டு அல்லது மூன்று மென்பொருள்களுக்கு விலை ஒப்பந்தம் செய்து, அவற்றுள் தமக்கேற்றதை நிறுவனங்கள் தேர்ந்துகொள்ளுமாறு விடலாம்.

மூன்றாவது, பெரிய நிறுவனங்களின் தேவையே கூட்டமைப்பின் தேவையாகிவிடும் என்னும் அச்சம். சிற்றூர் அரசுக் கல்லூரி ஒன்றின் தேவையும் பழம்பெரும் பல்கலைக்கழகம் ஒன்றின் தேவையும் வேறு. செலவுப் பங்கு மாணவர் எண்ணிக்கைக்கேற்ப அமையலாம். ஆயின் விவரக்குறிப்பு வகுக்கும் குழுவில் கல்லூரிகளுக்கும் சமமான குரல் இருத்தல் வேண்டும். இல்லையேல், செலவைப் பகிர்ந்தோர் பயனைப் பகிராத நிலை உண்டாகும்.

செய்யத்தக்கன

பெருந்திட்டம் ஒன்றை அரசிடமிருந்து எதிர்நோக்கிக் காத்திருத்தல் தேவையில்லை. மூன்று அல்லது நான்கு பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள், தம் நூலகர்களையும் நிதி அலுவலர்களையும் உடன் அமர்த்தி, பத்துப் பக்க அளவில் பொது விவரக்குறிப்பு ஒன்றை வகுக்கலாம். தொடக்கமாக, அவை ஒவ்வொன்றும் தம்மிடம் உள்ள சுவடிகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஆகியவற்றின் பட்டியலை ஒரே வடிவில் வெளியிடலாம். நடைபெறும் ஆய்வுகளின் திட்டச் சுருக்கங்களுக்கென இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'ஷோத்கங்கோத்ரி'யில் தமிழ்த் தலைப்புகளைத் தவறாது ஏற்றினால், ஒரே பொருளில் அறியாது இருவர் உழைப்பதும் குறையும்.

அடுத்து, பழைய எழுத்துருவில் உள்ள ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியைக் கூட்டாக மேற்கொள்ளலாம். மாற்றி மென்பொருள்கள் உள்ளன. மாற்றத்தின்பின் மெய்ப்புப் பார்ப்பதற்குத் தமிழறிந்தோர் வேண்டும். முதுகலை மாணவர்க்கு அப்பணியைத் தக்க ஊதியத்துடன் பயிற்சியாக அளித்தால், ஆய்வேடுகள் தேடத்தக்கனவாகும். மாணவரும் மூலபாடப் பயிற்சி பெறுவர்.

முடிவுரை

தொழில்நுட்பக் கொள்முதல் அலுவலகத்தின் பணி, தமிழாய்வு அறிஞரின் பணி என்னும் பிரிவினை பயனற்றது என்பதை எழுத்துருக் குழப்பம் காட்டியுள்ளது. அன்று தரம் வகுக்கக் காலம் தாழ்ந்ததனால், ஒரு தலைமுறையின் ஆய்வேடுகளுள் பல இன்று தேடலுக்கு அகப்படாது கிடக்கின்றன. எழுத்துணரிகளும் மொழி மாதிரிகளும் பெருகும் இக்காலத்தில், ஒழுங்குற்ற தமிழ்த் தரவை யார் உருவாக்கி வைத்துள்ளனரோ அவர்களது தரவே தமிழின் முகமாகக் கொள்ளப்படும். அத்தரவுக்கு உரிய மூலங்கள் பொதுமக்கள் வரிப்பணத்தால் பேணப்படும் பல்கலைக்கழகங்களிடமே பெருமளவில் உள்ளன. அடுத்த நிதியாண்டில் வாங்கவிருக்கும் ஒரு வருடிக்கோ மென்பொருளுக்கோ விவரக்குறிப்பு எழுதப்படும்போது, அதனை எழுதும் மேசையில் தமிழ்த்துறையினர் ஒருவரும் அண்டைப் பல்கலைக்கழகத்தார் ஒருவரும் அமர்ந்திருத்தல் வேண்டும். ஒருங்கிணைப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.